தூக்கிப் போடும் வண்டி

“வண்டி தூக்கிப் போடுகிறது” என்னும் முறையீட்டைக் கேளாத வீடு நம் ஊர்களில் அரிது. ஆனால் இச்சொல் ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவாய் அமைந்த அறிகுறியின் பெயர். காய்ச்சல் என்று வந்தவரின் நாடியைக்கூடப் பாராமல் மருந்தெழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் நாம் இரண்டாம் முறை செல்லமாட்டோம். மோட்டார் சைக்கிள் தூக்கிப் போடுகிறது என்றவுடன், அதன் சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பாராமல், “ஷாக்கை மாற்றிவிடுங்கள்” என்று கூறப்படும் ஆலோசனையை மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். பணம் போவது ஒருபுறமிருக்கட்டும். ஷாக்கை மாற்றிய பின்னும் தூக்கிப் போட்டால், “பழைய வண்டி, இனி இப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். அவ்வண்டியின் பின்னிருக்கையில் நாள்தோறும் செல்பவரின் முதுகெலும்பு அதன்பின் யாருடைய கவனத்திற்கும் வருவதில்லை. வாசக அன்பர்களில் பலருடைய வீட்டிலும் இரு சக்கர வண்டி ஒன்றேனும் உண்டு என்பதால், என் அனுபவத்தில் கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1984-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட். எனக்கு முன்னர் இப்பங்கில் பணிபுரிந்த இரு குருக்களையும் சுமந்த வண்டி. பதினைந்து ஆண்டுகளைக் கடந்தது ஆதலால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பித்து வருகிறோம். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்த பழைய ஏற்பாடு. அதனால் இக்காலத்து இளைஞர்கள் எவரும் இதனை இரவல் கேட்பதில்லை. அதுவும் ஒரு நன்மையே.

இவ்வண்டியின் வரலாறும் நாம் பேசும் பொருளைத் தொடுவதுதான். மோட்டார் சைக்கிள் தோன்றிய பின் நெடுங்காலம், பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் சுருள்வில் இருக்கும். பின்னால் அமர்பவருக்கு மட்கார்டின் மேல் ஒரு திண்டு, அவ்வளவே. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனம், 1948-இல் போட்டிகளில் ஓட்டிப் பார்த்து 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 350 சி.சி. புல்லட்டில், பின்சக்கரத்தை மேலுங்கீழும் அசையும் இரு கரங்கள் ஏந்தின. இருபுறமும் ஷாக் அப்சார்பர்கள் தாங்கின. அன்றைக்கு அது பெரும் புதுமை. 1955-இல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட்டுகளும் இவ்வமைப்பையே பெற்றிருந்தன. அதற்கும் வெகு காலம் முன்பு, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைக் கட்டிப் பார்த்து, 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். (1845-லேயே தாம்சன் என்பவர் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார், உலகம் அதை மறந்து போயிருந்தது.) ஆக, சாலைக்கும் நம் முதுகுக்கும் இடையே முதற்காவல் காற்று, இரண்டாங்காவல் வில், மூன்றாவது, நாம் அமரும் இருக்கை. முதற்காவலையும் மூன்றாங்காவலையும் மறந்துவிட்டு இரண்டாவதையே குறை கூறுவது நம்மவர் வழக்கம்.

இனி, இதனை நான் ஆராய நேர்ந்த காரணத்தைக் கூறுகிறேன். எங்கள் பங்கிற்கு ஏழு கிளைக் கிராமங்கள் உண்டு. கடைசிக் கிராமம் பத்தொன்பது கிலோமீட்டர் தொலைவு. அதில் பாதி கண்மாய்க்கரை வழி, மீதியில் பாதி சரளை. எங்கள் உபதேசியாருக்கு வயது 68. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பதையெல்லாம் அவர் அறிவார். அவர் இல்லாமல் கிராமத்துக்குச் சென்றால் தெருவைத்தான் பார்த்துத் திரும்பலாம். வீடுகளைப் பார்க்க இயலாது. சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பில் வலி கண்டது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, முறிவு ஏதும் இல்லை என்றும், ஆயினும் சில மாதங்களுக்கு இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்லலாகாது என்றும் கூறிவிட்டார். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உபதேசியார் திண்ணையிலிருந்து எழுந்து தெருவைப் பார்ப்பதாக அவருடைய துணைவியார் என்னிடம் சொன்னார். அவர் உடல் தேறுவது மருத்துவரின் பொறுப்பு. தேறி வந்தவரை மீண்டும் அதே வண்டி கெடுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று.

மூன்று மெக்கானிக்குகளைக் கேட்டேன். மூவரும் ஷாக்கையே சொன்னார்கள். அவர்களில் ஒருவர், ஷாக்கை மாற்றுவதைவிட வண்டியை மாற்றுவதே மேல் என்றும் அறிவுரை கூறினார்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். பழைய கியர் முறையை அறிந்த தம்பி ஒருவரை ஓட்டச் சொல்லி, உபதேசியார் அமரும் இடத்தில் நான் அமர்ந்து, அதே கண்மாய்க்கரையில் ஆறு கிலோமீட்டர் சென்று வந்தேன். வாசகர்களுக்கு இதை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன்: ஓட்டுபவர் உணரும் வண்டி வேறு, பின்னால் இருப்பவர் உணரும் வண்டி வேறு. ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் இடையில் அமர்கிறார்; எந்தச் சக்கரம் எழும்பினாலும் அதில் ஒரு பகுதியே அவரைச் சேரும். பின்னால் அமர்பவரோ ஏறக்குறையப் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறார். அங்கு எழும் ஒவ்வோர் எழுச்சியும் அவருக்கே முழுமையாய்ச் சேர்கிறது. அன்றியும், ஓட்டுபவர் பள்ளத்தை முன்கூட்டியே காண்கிறார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கால்மிதியில் சற்றே எழுந்து, உடலைத் தளர விடுகிறார். பின்னிருப்பவருக்கு முன்னிருப்பவரின் முதுகே காட்சி. உபதேசியார் இதை முன்பே சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: “சாமி, நீங்க பள்ளத்தைப் பார்த்துட்டு இறங்குறீங்க, நான் இறங்கின பிறகுதான் பார்க்கிறேன்.” ஆகவே, “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்னும் ஓட்டுநரின் சாட்சியம் இவ்வழக்கில் செல்லாது.

பின்னால் அமர்ந்தபோது, ஒரே தொல்லை என்று எண்ணியது மூன்றாகப் பிரிந்தது. சரளையின் மேல் செல்லும்போது ஓயாத கடகடப்பு. பெரும் பள்ளத்தில் இறங்கினால் ஓர் அடி, அதன்பின் தொட்டில்போல் இரண்டு மூன்று ஆட்டங்கள். நல்ல தார்ச்சாலையிலும் கால்மிதியில் ஒரு நடுக்கம். மூன்றுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது அல்லவா?

முதலில் நடுக்கத்தை விலக்கினோம். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் முறுக்கிப் பார்த்தால் நடுக்கம் வருகிறதா? வந்தால் அது சாலையின் குற்றமன்று. ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஓரளவு நடுக்கம் இயற்கை. அளவுக்கு மிஞ்சினால் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும், சிலிண்டரின் தலைப்பகுதியைச் சட்டத்தோடு இணைக்கும் தகட்டையும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் அத்தகட்டின் நட்டு ஒன்று தளர்ந்திருந்தது. செயினும் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருந்தது. அத்தகைய செயின் வண்டியை வெட்டி வெட்டி இழுக்கும். இவ்விரண்டும் அரை நாள் வேலை.

கடகடப்புக்குக் காற்றிலிருந்து தொடங்கினேன். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். அளந்தேன். முன் டயரில் 36 பவுண்டு. பின் டயரில் 42. என் வண்டியின் கையேடு கேட்பதோ, முன்னால் ஏறக்குறைய 20, பின்னால் ஆள் அமரும்போதும் 30-ஐ ஒட்டிய அளவு. சாலையோரக் காற்றுக்கடையில் எல்லா வண்டிகளுக்கும் ஒரே குழாய், ஒரே பழக்கம். “கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்” என்று நாமும் சொல்கிறோம்; டயர் கல்லாய் இருந்தால் வண்டி நன்றாக ஓடும், பெட்ரோல் மிச்சமாகும் என்பது நம் நம்பிக்கை. பெட்ரோல் துளியளவு மிஞ்சலாம். ஆனால் சிறு கற்களை விழுங்க வேண்டிய டயர் அவற்றை அப்படியே மேலே அனுப்புகிறது. வில்லும் ஷாக்கும் பெரும் பள்ளத்திற்கு உரியவை. நொடிக்கு நொடி வரும் சரளைக்கு விடையளிக்க வேண்டியது காற்றுதான். இதற்காகக் காற்றை மிகவும் குறைத்துவிடலும் ஆகாது. குறைந்தால் பள்ளத்தில் ரிம் அடிபடும், டியூப் கிள்ளப்பட்டுப் பஞ்சராகும், டயர் சூடேறும். உங்கள் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் உண்டு. புது வண்டியாயின் செயின் மூடியின் மேலோ சட்டத்திலோ ஒட்டியும் இருக்கும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் காற்றளவி ஒன்றை வீட்டில் வாங்கி வைப்பது, எந்த ஷாக்கையும்விட மேலான முதலீடு.

டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் தனியே அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 1411 என்றிருந்தால் 2011-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்தது. எங்கள் பின் டயரில் இருந்தது அதுவே. ‘பட்டன்’ தேயாமல் இருந்ததால் எல்லோரும் நல்ல டயர் என்றே கூறினர். ஆனால் ரப்பர் காய்ந்து பனங்கொட்டையாய் இறுகியிருந்தது. மாற்றினோம்.

பின்னர்ச் சக்கரம். இவ்வண்டியின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 40 ஸ்போக் கம்பிகள். சிறு ஸ்பானரால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினால், இறுகிய கம்பி மணிபோல் ஒலிக்கும். தளர்ந்த கம்பி மழுங்கிய ஓசை தரும். ஐந்து கம்பிகள் மழுங்கின. சக்கரத்தில் கோட்டமும் இருந்தது. எங்கள் சந்தைத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முதியவர், கண்ணளவாலேயே ஒரு மணி நேரத்தில் கோட்டம் எடுத்துத் தந்தார். இத்திறமை இன்னும் எத்தனை நாள் நம் கடைத்தெருக்களில் கிடைக்குமோ!

முன்பக்கத்துப் போர்க்கில்தான் எதிர்பாராத செய்தி கிடைத்தது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், போர்க் வழுக்கிக்கொண்டு தாழ்ந்து, அதேபோல் எழ வேண்டும். எங்களுடையதோ பாதியில் கவ்விக்கொண்டு நின்றது. மெக்கானிக் பாய் ஒருவர் (முன் சொன்ன மூவரில் சேராதவர்) குனிந்து பார்த்து, “சாமி, இதைக் கழட்ட வேண்டாம், தளர்த்தினாப் போதும்” என்றார். முன்பு எப்போதோ பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டியவர்கள், போர்க்கின் இரு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாய் நிற்கும் முன்பே அச்சைப் பற்றும் மூடிகளை முடுக்கிவிட்டிருந்தனர். இரு கால்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றால் அவற்றினுள் இருக்கும் வில் எங்ஙனம் அசையும்? பாய் ஒருபக்கத்து மூடியைத் தளர்த்தி, போர்க்கை ஏழெட்டு முறை அழுத்தி எழுப்பி, கால்கள் தாமாகவே தம் நிலைக்கு வந்தபின் மீண்டும் முடுக்கினார். ஒரு பைசாச் செலவில்லை. பழைய போர்க் எண்ணெயையும் வடித்தார். குளத்துச் சேற்றுநீர்போல் வந்தது. கையேட்டில் கண்ட அளவு புதிய எண்ணெயை இரு கால்களிலும் சமமாக ஊற்றினோம். முன்சக்கரத்தை வெளியே எடுத்து மாட்டிய ஒவ்வொரு முறையும் இந்த அழுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்வது நல்லது.

இனிப் பின்பக்கம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை இரு கைகளாலும் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தேன். ஆட்டம் இருந்தது. சக்கரத்தின் பேரிங் தேய்ந்தாலும் ஆடும். சக்கரத்தை ஏந்தும் கரத்தின் புஷ் தேய்ந்தாலும் ஆடும். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். கரமும் சேர்ந்து ஆடினால் புஷ். எங்களுடையது புஷ். இது சுகத்தின் காரியம் மட்டுமன்று. வளைவில் வண்டி வாலாட்டிக் கவிழ்வதற்கும் இதுவே வழி. ஆகவே இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாகத்தான் ஷாக்கிற்கு வந்தோம். வில் அடியை வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பித் தராமல் இராது. அந்தத் திருப்பித் தருதலைத் தன் சிறு துளைகளின் வழியே மெல்ல மெல்லச் செலவழிப்பது உள்ளிருக்கும் எண்ணெய். எண்ணெய் ஒழுகிப்போன ஷாக்கில் வில் மட்டுமே எஞ்சுகிறது; அதனால்தான் தொட்டிலாட்டம். பின்பக்கத்தை அழுத்தி விட்டபோது வண்டி ஒருமுறை எழுந்து அமைவதற்குப் பதிலாக மூன்று முறை ஆடியது. இடப்பக்க ஷாக்கின் கீழே எண்ணெய்க் கறையும் இருந்தது. ஆக, மூன்று மெக்கானிக்குகளும் கூறியது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. ஒருபக்கம் மட்டும் மாற்றினால் கரம் முறுக்கிக்கொள்ளும் ஆதலால் இரண்டையும் மாற்ற வேண்டும். கடைக்காரர், “ஹெவி டூட்டி இருக்கிறது, இன்னும் கடினமானது, அதையே போடுங்கள்” என்றார். கடினமான வில் பாரம் ஏற்றுபவருக்கு உரியது. உபதேசியாரின் எடை 52 கிலோ! அவர் அமர்ந்தால் அந்த வில் அசையவே அசையாது. சாதாரண வில்லையே கேட்டு வாங்கினேன். விலை மிகுந்தது நல்லது, இறுக்கமானது உறுதியானது என்னும் எண்ணம் கடைக்காரருக்கும் நமக்கும் பொதுவாகவே இருக்கிறது.

இத்தனைக்குப் பின்னும் பின்னால் அமர்ந்து பார்த்தபோது, பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அடியில் ஏதோ குத்தியது. சீட்டைக் கழற்றி ரெக்ஸினை உரித்தோம். ஓட்டுபவர் அமரும் பாதியில் நுரை ரப்பர் ஓரளவு இருந்தது. பின்பாதியில் அது மாவாய்ப் பொடிந்து ஓரங்களில் ஒதுங்கி, நடுவே தகரமே மிஞ்சியிருந்தது. மேலே ரெக்ஸின் மினுமினுவென்று புதிதாகத் தைக்கப்பட்டிருந்ததால் யாரும் ஐயுறவில்லை. பேருந்து இருக்கைகள் தைக்கும் தையற்காரர், கீழே உறுதியான நுரையும் மேலே சற்று மென்மையான நுரையுமாக இரண்டு அடுக்கு வைத்துத் தைத்தார். முழுவதும் மெத்தென்று வைத்தால் முதல் நாள் இனிக்கும். பள்ளத்தில் தகரம் மீண்டும் தட்டும். செலவில் பெரும்பகுதி டயருக்கும் ஷாக்கிற்கும் போயிற்று. ஆனால் உபதேசியாரின் இடுப்புக்கு மிகுந்த உதவி செய்தவை ஏறக்குறையச் செலவேயில்லாத காற்றும், சில நூறு ரூபாயில் முடிந்த சீட்டுமே என்பது என் கணிப்பு.

இதனை வாசிக்கும் குடும்பத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வண்டியின் பின்னால் அமர்பவர் பெரும்பாலும் உங்கள் மனைவி, அல்லது தாயார். சேலையுடுத்தி ஒருக்களித்து அமர்பவரின் இடுப்பு ஒருபுறம் திரும்பியே இருக்கிறது. இரு கால்களையும் ஊன்றிக்கொள்ள இயலாது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை. அந்நிலையில் மேலெழும் ஓர் அடி அவரை நோகச் செய்வதோடு நில்லாது. இருக்கையிலிருந்தே வழுக்கிவிடவும் கூடும். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதும் அரிது. “மெதுவாகப் போங்கள்” என்பார்கள், அதுவே அவர்களுடைய முறையீடு. ஒருநாள் வண்டியை மகனிடமோ தம்பியிடமோ கொடுத்து, நீங்கள் பின்னால் அமர்ந்து ரேஷன் கடைவரை சென்று வாருங்கள். அவர்கள் பற்றிக்கொள்ளும் கம்பி இறுகியிருக்கிறதா, கால் வைக்கும் மிதி மடங்கிக்கொள்ளாமல் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு மாதங்களுக்குப் பின் மருத்துவர் உபதேசியாருக்கு அனுமதி கொடுத்தார். ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று நிபந்தனையும் விதித்தார். ஆகவே, அருகிலுள்ள நான்கு கிராமங்களுக்கு என்னோடு வண்டியில் வருகிறார். தொலைவிலுள்ள மூன்றுக்கும் முற்பகல் பேருந்தில் முன்னதாகப் போய்விடுகிறார். கண்மாய்க்கரையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நான் முறுக்குவதில்லை. கிளம்புமுன் காற்றளவியை எடுத்து வந்து நீட்டுவது இப்போது அவருடைய வேலை. முதல் நாள் திரும்பி வந்து இறங்கியவரிடம், “எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “பள்ளம் எல்லாம் அங்கேயேதான் இருக்கு, சாமி. எண்ணிக்கிட்டே வந்தேன். ஆனா வீட்டுக்கு வந்து சேரலை” என்றார்.

வேகமானியின் முள் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை. மழைக்காலம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.